தானாகப் போன கை

போன வாரம் அப்பாவை மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போக அரூரில் தர்மபுரி பஸ் ஏறினேன். அவருக்கு வலது முட்டி மடங்காது. கால் நீட்ட வாட்டமாக இருக்கட்டும் என்று அவரை நடைபாதை ஓரம் உட்கார வைத்துவிட்டு, நான் ஜன்னல் பக்கம் நுழைந்தேன். எக்ஸ்ரே வைத்த பை என் காலடியில் இருந்தது. வண்டி நகரும் நேரத்தில் ஓர் அம்மா, மாட்டுக்கு அறுத்த பச்சைப் புல்லைச் சின்னக் கட்டாகக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினார்.

“ஏம்மா, இது என்ன பஸ்ஸா, மாட்டு வண்டியா?” என்று கண்டக்டர் கத்தினார்.

“உங்க வண்டிக்கு டீசலு, எங்க மாட்டுக்குப் புல்லு. ரெண்டும் ஓடணுமில்ல சாமி?” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கட்டை அப்பாவின் காலுக்கு முன்னால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவும் ஒரு காலத்தில் கண்டக்டர்தான்; தன் தொழில்காரர் தோற்றுப்போனதைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தார்.

அறுத்த புல்லின் ஈர வாசனை வண்டி முழுக்கப் பரவியது. அந்த வாசனைக்கு உங்களுக்கெல்லாம் வயலும் வரப்பும் ஞாபகம் வரும். எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள். அரூர்க்காரிக்கு மாட்டுப்புல் வாசனையில் சீமை ஞாபகம் வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூக்கு நம் பேச்சைக் கேட்டா வேலை செய்கிறது? முள் வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, குளிரில் பல் கிட்டித்துப்போய், ‘இன்றைக்கு என்னை வெளியே அனுப்பிவிடுவார்களோ’ என்று நின்ற அந்த மைதானம் கண்முன் வந்துவிடும்.

மாம்பழக் கூழ் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கிறேன். அதற்கான படிப்பைத்தான் இங்கிலாந்தின் வடக்கே மழை ஓயாத ஓர் ஊரில் படித்தேன். போன புதிதில் எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். சுத்தமான அறை, வெந்நீர் வரும் குழாய், பூட்டினால் வெளிச்சத்தம் கேட்காத கதவு. எங்கள் வீட்டில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் “ஏன், ஒடம்பு செரியில்லியா?” என்று நாலு பேர் கேட்பார்கள். அங்கே சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை கடையில் ‘தேங்க்யூ’ சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, தொண்டையைக் கனைக்க வேண்டியிருந்தது. பேய்க்குப் பயப்படாதவள் நான். அந்த அறைக்குப் பயந்தேன்.

அப்படி ஒரு நாள் காலையில் வகுப்புக்குப் போகும்போது, நான் நிறுத்தத்தை எட்டிப்பிடிக்கவும் பஸ் கிளம்பவும் சரியாக இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அடுத்த பஸ்ஸுக்குப் பேசாமல் நிற்பார்கள். நான் கண்டக்டர் மகள். கண்ணெதிரே போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பது எங்கள் குடும்பத்துக்கே மானக்கேடு. முதுகில் பை, தலையில் கம்பளிக் குல்லாய், சுடிதார் துப்பட்டா இடுப்பில் முடிச்சு. ஓடினேன். சிக்னலில் வண்டி நின்ற நேரத்தில் தாண்டிப்போய், அடுத்த நிறுத்தத்தில் அதற்கு முன்னால் நின்று கையைக் காட்டினேன். டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உள்ளே ஏறியதும் உயரமான ஒரு பெண் எழுந்து நின்று கைதட்டினாள்.

அவள்தான் ஹன்னா. பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன். “இந்த ஓட்டம் ஓடறியே, பந்து ஆடுவியா?” என்று கேட்டாள். அவள் கேட்டது இங்கிலீஷில்தான். ஆனால் இத்தனை வருஷம் கழித்து நினைக்கும்போது எல்லோரும் என் காதில் அரூர்த் தமிழில்தான் பேசுகிறார்கள், அப்படியே எழுதுகிறேன், மன்னியுங்கள்.

“பந்தப் பாத்திருக்கேன்,” என்றேன்.

“அது போதும். செவ்வாக்கெழமை கிரவுண்டுக்கு வந்துரு.”

பள்ளியில் நான் ஓட்டக்காரி. இருநூறு, நானூறு மீட்டர் ஓடி மாவட்டப் போட்டிவரை போனவள். பந்து ஆண்பிள்ளைகளுக்கு, ஓட்டம் எங்களுக்கு என்று எங்கள் பள்ளியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஓட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அவரவர் கோட்டில் அவரவர் ஓடலாம், ஒருத்தி கால் இன்னொருத்தி மேல் படாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது.

முதல் நாளே மானம் போனது. பயிற்சி ஆட்டத்தின் பாதியில் கோச் டெபி இரண்டு முறை விசில் ஊதினார். எங்கள் வீட்டில் ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் போகலாம், ரைட். நான் பந்தை உருட்டிக்கொண்டு தலைதெறிக்க ஓடினேன். கோலில் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எல்லோரும் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு விசில் என்றால் இடைவேளையாம். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹன்னா என் பெயரைப் பாதியாக உடைத்து, அந்தப் பாதியையும் தப்பாகச் சொல்லிக் கூப்பிட்டு, ஆரஞ்சுச் சுளை கொடுத்தாள். அந்த ஊருக்குப் போன பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவள். அன்று அறைக்குப் போகும் வழியெல்லாம் அந்த உடைந்த பெயரை நானே எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

விசில் என்றதும் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. அப்பா அரூர்–தர்மபுரி தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். காலை நேரக் கூட்டத்தில் எள் போட்டால் எண்ணெயாகும். அதில் முன்னும் பின்னும் புகுந்து டிக்கெட் போடுகிறவர் கால் யார் மேலாவது படாமல் இருக்குமா? பட்டால், அந்த நெரிசலிலும் அப்பா அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். விரலிடுக்கில் மடித்த நோட்டு, கையில் டிக்கெட் கட்டு, வாயில் விசில். அத்தனையோடும் கை போகும். குனிய இடமில்லாவிட்டால் தோளையாவது தொடுவார். சின்னப் பிள்ளை, பெரியவர், இன்ன சாதி என்று பார்ப்பதில்லை. ‘கும்புடு கண்டக்டர்’ என்று அந்தத் தடத்தில் அவருக்குப் பெயர். “யோவ், நீ கும்புட்டு முடிக்கிறதுக்குள்ள ஸ்டாப்பிங்கு போயிரும்யா,” என்று டிரைவர் கத்துவார். அப்பாவுக்கு அதெல்லாம் காதில் ஏறாது.

எனக்கும் அது அப்படியே வந்திருந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கால் பட்டால் கை போகும், அவ்வளவுதான். தூசி வந்தால் கண் மூடுவதற்கு யாராவது யோசிப்பார்களா?

இரண்டாம் வாரப் பயிற்சியில் அது நடந்தது. எதிர் அணியில் நின்ற ஹன்னாவிடமிருந்து பந்தைப் பறிக்கக் காலை விட்டேன். பந்து கொஞ்சம், அவள் கால் மீதி. அடுத்த நொடி நான் குனிந்து, சேறு படிந்த அவள் காலைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தேன். பந்து எங்களைக் கடந்து போய் எங்கள் கோலுக்குள் விழுந்தது. கண்ணில் சேறு அப்பிக்கொண்டு நான் நிமிர்ந்தபோது மைதானம் மொத்தமும் நின்றுபோயிருந்தது.

“என் காலுக்கு என்ன ஆச்சு?” என்று ஹன்னா பதறினாள். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்தேன் என நினைத்துவிட்டாள், பாவம்.

விளக்கிச் சொன்னேன். ஒருவர் மேல் கால் பட்டால் எங்கள் பக்கம் இப்படித்தான் என்று. எல்லோருக்கும் பிடித்துப்போனது. சிரித்தார்கள், ஒருத்தியை ஒருத்தி உதைத்துத் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்குப் பதில் ஒருத்தி மூக்கைத் தொட்டாள். டெபி மட்டும் சிரிக்கவில்லை. குட்டையான, கெட்டியான மனுஷி. பகலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், சாயங்காலம் எங்களுக்குக் கோச். “நல்ல பழக்கம்தான், வெளிய வெச்சுக்கோ,” என்றார்.

வெளியே வைக்க அது என்ன செருப்பா?

அடுத்த வாரம் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஒரு சிநேக ஆட்டம். என்னைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தினார்கள், வேகமாக ஓடித் துரத்துவேன் என்பதற்காக. முதல் பாதியிலேயே என் கால் ஒரு பெண்ணின் பாதத்தில் ஏறியது. தெரியும், போகக் கூடாது என்று தெரியும். தெரிந்துகொண்டே இருக்கும்போதே கை போய்விட்டது. நான் குனிந்த இடம் காலியாகி, அந்த வழியாக ஓடிவந்தவள் கோல் அடித்தாள். தோற்றோம், அந்த ஒரே கோலில். திரும்பும்போது வண்டியில் யாரும் என்னைத் திட்டவில்லை. பேச்சே இல்லை. அந்த அமைதி என் அறையின் அமைதி மாதிரியே இருந்தது.

இறங்கும்போது டெபி என்னை நிறுத்தினார். “உன்னை மாதிரி ஓடற ஆள் எனக்கு வேணும். ஆனா புதன்கெழமை லீக் ஆட்டம். அதுல இன்னொரு தடவ குனிஞ்சீன்னா உடனே வெளிய எடுத்துருவேன். அப்பறம் வேற யாராச்சும் அந்த எடத்துக்கு வருவாங்க. புரியுதா?”

புரிந்தது. அணி போனால் என்ன, பந்தாட்டம் இல்லாமல் செத்தா போய்விடுவேன்? படிக்கத்தானே வந்தேன்? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அறைக் கதவைப் பூட்டியதும் நியாயமெல்லாம் காலி. வாரத்தில் இரண்டு சாயங்காலம் அந்தப் பாதிப் பெயரை யாராவது கூவிக் கூப்பிடுவார்கள், “பந்து! பந்து! இந்தப் பக்கம்!” என்று என்னிடம் கெஞ்சுவார்கள், தோளில் கை போட்டு நடப்பார்கள். அது போய்விட்டால் எனக்கு அந்த ஊரில் மிச்சம் அந்தக் கதவுதான். அழுகை வந்தது, அழுதேன். வெட்கமென்ன இதில்?

ஹன்னா விடவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் என்னைத் தனியாக மைதானத்துக்கு இழுத்துப் போனாள். முழங்காலுக்குக் கீழே காப்புத் தகடு மாட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

“ம், உதை.”

“எதுக்கு?”

“உதைச்சு உதைச்சுப் பழகு. கை வந்துச்சுன்னா கையிலயே ஒண்ணு போடுவேன்.”

உதைத்தேன். கை போனது. பளீரென்று கையில் ஓர் அடி. மறுபடி உதைத்தேன், கை போனது, அடி. தூரத்தில் நாயை நடத்திக்கொண்டு போன ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார். இருட்டும்போது என் புறங்கை சிவந்திருந்தது, அவள் கால் கன்றியிருந்தது, கை மட்டும் திருந்தவில்லை. கடைசியில் ஹன்னாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். முழுக்கைச் சட்டையின் கை நுனியை உள்ளங்கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். “துணியை விடாம புடிச்சுக்கோ. பிடி விட்டாத்தானே கை திறக்கும்?” அப்படிச் செய்து பார்த்தேன். கை பாதி வழி போய் நின்றது. போதும் என்றாள்.

புதன்கிழமை காலையில் அப்பாவுக்குப் போன் போட்டேன். எனக்குக் காலை என்றால் அவருக்கு மதியம், ஒரு நடை முடிந்து அடுத்த நடை கிளம்பும் முன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற நேரம். பின்னால் ஹாரன் சத்தமும் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற குரலும் கேட்டன.

“இன்னிக்கி மேட்சுப்பா.”

“பாத்து ஆடு சாமி. பந்தாட்டத்துல கால் படாமயா இருக்கும்? பட்டுச்சுன்னா தொட்டுக் கும்புட்டுக்கோ.”

கேட்டீர்களா! எதைச் சொல்லக் கூடாதோ அதையே சொல்லுகிறார்.

“தொட்டா டீம்ல இருந்து எடுத்துருவாங்கப்பா.”

“எடுத்துட்டா?”

“மறுபடி ரூம்லதான்.”

அந்த ரூம் எப்படி என்று அவருக்குத் தெரியும். திங்கட்கிழமைகளில் என் குரல் கரகரப்பதைக் கேட்டு, “சளியா?” என்று கேட்டுக்கேட்டுப் பிறகு கேட்பதையே நிறுத்தியவர் அவர். வெள்ளரிக்காரர் இரண்டு முறை கூவினார். அப்புறம் அப்பா சொன்னார்.

“செரி, வுடு. ஆட்டம்னா அப்பிடித்தான். நீ ஆடு. வூட்டுக்கு வந்தப்பறம் எல்லாத்துக்கும் சேத்துத் தொட்டுக்கலாம்.”

அவர் வண்டி டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா போனை வைக்க மறந்து இரண்டு விசில் ஊதினார். ஏழு கடல் தாண்டி அது என் காதில் விழுந்தது.

மதியம் மழை. எங்கள் பக்கத்துச் சித்திரை மழை மாதிரி கொட்டிவிட்டு ஓய்வதில்லை அது, நசநசவென்று நாள் முழுக்க நனைக்கும். புல்லைக் காலையில்தான் வெட்டியிருந்தார்கள். ஈரத்தில் அந்த வாசனை மூச்சை முட்டியது. சட்டை நுனி இரண்டையும் உள்ளங்கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எதிர் அணியில் ஒன்பதாம் நம்பர்காரி செம்பட்டைச் சடை போட்டிருந்தாள், காற்றாய்ப் பறந்தாள். அவளைத் துரத்துவதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

முதல் பாதியில் நான் ஆடியது ஆட்டமே இல்லை. கால் பட்டுவிடுமோ என்று ஒரு முழம் தள்ளியே ஓடினேன். அவள் பந்தோடு வந்தால் வழிவிட்டு, ‘வாங்க, உட்காருங்க’ என்று கல்யாண வீட்டில் நிற்பவள் மாதிரி நின்றேன். நல்லவேளை, அவள் அடித்த இரண்டு பந்தும் வெளியே போயின. இடைவேளையில் டெபி என் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

“குனியாதேன்னுதான் சொன்னேன். ஓடி ஒளியச் சொன்னனா?”

ஓரத்தில் எனக்குப் பதிலாக இறங்கத் தயாராக ஒரு பெண் குதித்துக் குதித்து உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். அவள் பூட்ஸ் சத்தம் என் மார்பில் கேட்டது.

இரண்டாம் பாதி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. நேரம் முடியப் போகிறது. எங்கள் ஆட்கள் எல்லோரும் முன்னால் ஏறிப்போயிருந்த சமயம், ஒன்பதாம் நம்பர்காரி நடுவிலிருந்து பந்தைப் பிடித்தாள். அவளுக்கும் எங்கள் கோலுக்கும் நடுவில் கோல்கீப்பர் ஒருத்தி மட்டும். பின்னால் நான். ஓரத்தில் டெபி என்னவோ கத்துகிறார், ஹன்னா என் பாதிப் பெயரைக் கூவுகிறாள். ஓடினேன். ஓடத் தெரியும் எனக்கு, அது ஒன்றுதான் தெரியும். எட்டிவிட்டேன். அவள் அடிக்கக் காலைத் தூக்கிய நேரத்தில் பக்கவாட்டில் காலை நீட்டினேன்.

பந்து என்னிடம் வந்தது. கூடவே என் பூட்ஸ் அவள் காலில் இறங்கியது. ‘டக்’ என்ற அந்தச் சத்தம் மழையிலும் கேட்டது. அவள் குப்புற விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்கிற மாதிரி ஏதோ சொன்னாள்.

விசில் வரவில்லை. நான் அதற்காகக் காத்தேன், சத்தியமாகக் காத்தேன். ஒரே ஒரு விசில் வந்திருந்தால் வண்டி நின்றிருக்கும், நானும் குனிந்திருப்பேன். நடுவர் ‘தப்பில்லை, ஆடு’ என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். பந்து என் காலடியில். அவள் என் காலடியில். வலது கைக்குள் துணி நழுவுவது தெரிந்தது, விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது, தோள் இறங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையை இடது கையால் பிடித்தேன். பிடித்தேன் என்றால் உண்மையாகவே, அடுத்தவர் கையைப் பிடிப்பது போல மணிக்கட்டில் பிடித்தேன். அப்படியே பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஒரு கை இன்னொரு கையைப் பிடித்தபடி ஓடும் ஆட்டக்காரியை அந்த ஊர் அதற்கு முன் பார்த்திருக்காது. கோட்டோரமாக ஓடி, ஹன்னாவுக்குத் தள்ளினேன். அவள் அடித்தாள். கோல்.

மேலே விழுந்து அமுக்கினார்கள். எத்தனை பேர் என்று தெரியவில்லை, எல்லோரும் என் பெயரைக் கத்தினார்கள், தப்புத் தப்பாக. டெபி என் தலையில் குட்டி, கட்டிப்பிடித்து, “இனி இந்த எடம் உன்னுது,” என்றார். எனக்கு அத்தனை சந்தோஷம், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து நான் பார்த்தது அந்தச் செம்பட்டைச் சடையைத்தான்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகொடுப்பார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். நேராக அவளிடம் போனேன். குனிந்து அந்தக் காலைத் தொட்டுவிட வேண்டும், ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, இப்போது யார் கேட்பார்கள்? நான் குனிவதற்குள் அவள் சிரித்த முகமாகக் கையை நீட்டினாள். “செம டேக்கிள்ப்பா அது! எப்பிடிப் பந்தப் பறிச்சுட்டே!” நீட்டிய கையை என்ன செய்வது? குலுக்கினேன். தொட வேண்டிய கை குலுக்கலில் போய்விட்டது. அதற்குள் வரிசையில் நின்றவர்களும் வந்து கையை நீட்டினார்கள், அவர்களையும் குலுக்கினேன்.

முதல் தடவைதான் அந்தப் பாடு. அடுத்த ஆட்டத்தில் கை கொஞ்சம் துடித்தது. அதற்கடுத்ததில் துணியைச் சுருட்டிப் பிடிக்க மறந்தேன், ஆனால் கை போகவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் நன்றாக ஆடினேன். திங்கட்கிழமைகளில் என் குரல் கத்திக் கத்திக் கரகரத்தது, அப்பா மறுபடி “சளியா?” என்று சந்தோஷமாகக் கேட்டார். படிப்பு முடிந்து கிளம்பும் நாளில் ஹன்னா வேண்டுமென்றே என் காலில் மெல்ல ஓர் உதை விட்டு, குனிந்து தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சரியாகச் செய்தாள். நான் பதிலுக்குச் செல்லமாக உதைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு நின்றேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அந்த மைதானம் இப்போது இல்லை. மாணவர் விடுதி கட்டிவிட்டார்களாம், பூட்டினால் சத்தம் கேட்காத கதவுகளோடு. டெபி வேறு ஊருக்குப் போய்விட்டார். ஹன்னா இரண்டு குழந்தைகளைக் கட்டி மேய்க்கிறாள், எப்போதாவது வீடியோவில் வருவாள். அப்பாவின் பஸ் கம்பெனி வண்டிகளை விற்றுவிட்டது. டிக்கெட் கட்டு போய் மிஷின் வந்துவிட்டது.

போன வாரம் அப்பாவோடு ஏறிய அந்தப் பஸ் மொரப்பூரைத் தாண்டியிருக்கும். ஒரு வளைவில் எக்ஸ்ரே பை சரிந்து அப்பா பக்கம் போனது. குனியச் சோம்பேறித்தனம் எனக்கு. பந்தை இழுப்பது போலக் காலாலேயே இழுத்தேன். ஷூ முனை அப்பாவின் வலது காலில், வலி இருக்கிற அதே காலில், நறுக்கென்று பட்டது.

“ஸ்ஸ்...” என்றார்.

“சாரிப்பா.”

“பரவால்ல சாமி.”

சொல்லிவிட்டு அவர் என் கையைப் பார்த்தார். ஒரு நொடிதான். என் கை மடியில் போனைப் பிடித்தபடி இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன பார்த்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது, காது சூடாகிவிட்டது.

கொஞ்ச தூரம் போயிருப்போம், டிரைவர் திடீர் பிரேக் போட்டார். அப்பாவின் நீட்டிய கால் புல்கட்டைத் தாண்டி அந்த அம்மாவின் பாதத்தில் இடித்தது. வண்டி ஆட்டம் நிற்பதற்கு முன்பே அப்பாவின் கை போய்விட்டது. மடங்காத முட்டியோடு, ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, விரல் நுனியால் அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஐயோ, வுடுங்கண்ணா! பெரியவரு நீங்க போயி...” என்று அந்த அம்மா பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

“பெரியவரு கால் பட்டா வலிக்காதாம்மா?” என்றார் அப்பா.

நான் என் கையைப் பார்த்தேன். போனைப் பைக்குள் போட்டேன். போ என்று கைக்குச் சொன்னேன். அது போனது. அப்பாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவர் புரியாமல் திரும்பினார். “இப்ப எதுக்கு சாமி?”

“எல்லாத்துக்கும் சேத்துத்தான்ப்பா.”

அவருக்கு அந்தப் போன் பேச்சு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே என் தலையைத் தொட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் கை யாரும் சொல்லாமல் போனது. என் கையும் ஒரு காலத்தில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு நான் அனுப்பித்தான் போனது.